ஏட்டில் ஏறிய பெயர்



வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் கல்வியின் பெருமையை மட்டும் பேசிக் கலைதல் போதாது. எழுத்தறிந்த நாம், நம்மைக் குறித்துப் பிறர் எழுதி வைப்பதையும் அறியக் கடமைப்பட்டுள்ளோம். ஆகவே, அரசு தன் குடிமக்களைக் கண்காணிப்பது பற்றிச் சில கூற விழைகிறோம்.

அரசுக்குப் பதிவேடு வேண்டும். சாதிச் சான்றும் கல்வி உதவித்தொகையும் குடும்ப அட்டையும் பதிவேடின்றி நடைபெறா. எனினும், உதவுதற்கு எழுதும் ஏடு வேறு. ஐயுற்று எழுதும் ஏடு வேறு. பின்னதன் கொடுமையை இந்நாடு நன்கு கண்டிருக்கிறது.

1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்தையும் தழுவியது. ஒருவன் செய்த குற்றத்தை ஆராயாமல், அவன் பிறந்த குலத்தையே அச்சட்டம் ஐயுற்றது. பெயரைப் பதிந்தது, கைரேகை எடுத்தது, வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுக் கேட்டது. 1920 ஏப்ரல் 3-இல், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளர் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் நம் சமூகத்தார் அல்லர். ஆயினும் அவர்கள் பட்ட துயரம் நமக்கும் பாடமாகும். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீங்கிற்று.

சட்டம் நீங்கியும் ஐயப்பாடு நீங்கவில்லை. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் என்பார் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சிக்கி, சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். இருந்தும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. நள்ளிரவில் காவலர் வந்து கதவைத் தட்டினர். 1962-இல் உச்ச நீதிமன்றம் அவ்விரவுச் சோதனையை மட்டும் தடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றும் உரைத்தது. நீதியரசர் சுப்பாராவ் அதற்கு மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டு 24-இல், ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். தக்க காரணமின்றி எவர் வீட்டையும் தாள்களையும் சோதித்தலாகாது என்ற விதியை, அண்ணல் அம்பேத்கர் 1947-இலேயே தம் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில் வேண்டியிருந்தார்.

"குற்றம் செய்யாதவனுக்கு அச்சம் எதற்கு?" என்பார் உளர். கரக் சிங் எக்குற்றத்துக்காகக் கதவு தட்டப்பட்டார்? 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலிய நலிந்த பிரிவினரில் குற்றமற்றோர் பெயர் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரம்போல் ஏற்றப்படாதவாறு காக்க வேண்டும் என அறிவுறுத்தியது. நோய் இல்லாத இடத்தில் மருந்து எதற்கு?

அன்று ஏடு ஒரு காவல் நிலையத்துப் பெட்டியில் கிடந்தது. இன்று கணினியில் ஏறி நாடெங்கும் செல்கிறது. 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டத்தின்படி, கைதானவரின் விரல் ரேகை, கருவிழிப் பதிவு முதலியன 75 ஆண்டுகள் வைக்கப்படலாம். முன் தண்டனை பெறாதவர் குற்றமற்றவர் என முடிவாக விடுவிக்கப்பட்டால், நீதிமன்றம் வேறு ஆணை இடாதவரை அவற்றை அழித்துவிட வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. இதனை அறியாதவன் எங்ஙனம் கேட்பான்? வேலைக்குத் தேர்வான இளைஞன், காவல்துறைச் சரிபார்ப்பில் ஒரு வரியால் வாழ்விழக்க நேரிடலாம்.

ஆதலின் இளைஞர்களே, உங்களைப் பற்றி எதனைக் கேட்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எந்தச் சட்டத்தின்படி? எந்த நோக்கத்திற்காக? அந்நோக்கத்திற்கு இவ்வளவும் வேண்டுமா? 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசின்முன் வைத்த அளவுகோலும் இவையே. வினாவைப் பணிவோடும் எழுத்திலும் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு எழுதிக் கொடுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஊட்டிய கல்விக்கு அதுவே தக்க கைம்மாறு.