விமானம் ஓட்டப் பழகுவோர்க்கு வேண்டுவது துணிவா, ஒழுங்கா?

 

"எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய்?" என்று தோட்டத்துப் பிள்ளைகளை வினவினால், "விமானி" என்று விடை கூறுவோர் சிலர் உண்டு. அதைக் கேட்டு அருகிலிருப்போர் நகைப்பதும் உண்டு. நகைப்பதற்கு இதில் ஏதுமில்லை. விமானியாக விரும்புபவர் எங்கே பிறந்தார் என்று சட்டம் கேட்பதில்லை. எவற்றைக் கற்றார் என்றே கேட்கிறது.

சிறு விமானத்தைத் தம் சொந்தத் தேவைக்கு ஓட்டுவதற்கான உரிமமே முதற்படி. அனைத்துலக விதிகளின்படி அதற்கு வயது 17 நிறைந்திருத்தல் வேண்டும். மருத்துவச் சோதனையில் தேறுதல் வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதில் 10 மணி நேரமாவது ஆசிரியரின்றித் தனியே பறந்திருத்தல் வேண்டும். வான்சட்டம், வானிலை, வழியறிதல் போன்ற பாடங்களிலும் தேர்வு உண்டு.

பயிற்சி வானில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. மாணவர் கையில் பட்டியலுடன் விமானத்தைச் சுற்றி வந்து சிறகு, சக்கரம், எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எரிபொருளைக் கண்ணாடிக் குழலில் வடித்துப் பார்க்கிறார். நம் நாட்டின் ஈரக்காற்றில் தொட்டிக்குள் நீர் சேரக்கூடும். நீர் கனமானதாதலால் அடியில் தங்கும். அந்த நீர் இயந்திரத்தை அடைந்தால் அது நடுவானில் நின்றுவிடும். நேற்றுப் பார்த்தோமே என்று எவரும் இன்று விட்டுவிடுவதில்லை.

வானில் கற்கும் பாடங்களுள் தலையாயது ஒன்றைக் கூறுவோம். விமானத்தைத் தாங்குவது சிறகின்மேல் ஓடும் காற்று. மூக்குப் பகுதியை அளவுக்கு மீறி உயர்த்தினால், சிறகு காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும். அப்போது காற்றோட்டம் சிதறித் தூக்குவிசை குன்றும். இயந்திரம் முழங்கிக்கொண்டிருந்தாலும் விமானம் கீழிறங்கும். பழகாதவர் அஞ்சிப் பிடியை மேலும் தம்பக்கம் இழுப்பார். அது நிலைமையை மோசமாக்கும். மூக்கைத் தாழ்த்துவதே பிழைக்கும் வழி. விழும்போது மூக்கைத் தாழ்த்த மனம் இசையாது. ஆதலால், போதிய உயரத்தில் ஆசிரியருடன் இதனை மீண்டும் மீண்டும் பழகுகின்றனர். பால்மரம் சீவுவோர் இதனை எளிதில் உணர்வர். பட்டையின் ஆழம் கைக்குத் தெரியும் வரை பழகாமல் எவரும் நல்ல சீவுநர் ஆனதில்லை.

பின்னர் ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொள்கிறார். மாணவர் தனியே ஏறி, ஓடுபாதையை ஒருமுறை வலம்வந்து இறங்குகிறார். ஆசிரியரின் எடை குறைந்தமையால் விமானம் வழக்கத்தினும் விரைவாக மேலெழும். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை மாணவர் அப்போதுதான் முழுமையாக உணர்வார்.

ஆயினும், பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பறவாதிருக்கவும் தெரிதல் வேண்டும். நம் நாட்டில் காலைப்பொழுது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிற்பகலில் இடிமேகங்கள் திரளும். மேகத்திலோ அடர்ந்த புகைமூட்டத்திலோ அகப்பட்டுத் தொடுவானம் மறைந்துவிட்டால், காதினுள் உள்ள சமநிலை உணர்வு நம்மை ஏமாற்றிவிடும். விமானம் சாய்ந்திருந்தும் நேராகச் செல்வதாகவே தோன்றும். 1999 ஜூலை 16 அன்று, மறைந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் இரவு மூட்டத்தில் கடலில் வீழ்ந்தது. அவரும் உடன் சென்ற இருவரும் மாண்டனர். விமானி திசையுணர்வு இழந்ததே காரணம் என்று விசாரணை கூறிற்று. செல்வமும் புகழும் அங்கே துணை நிற்கவில்லை. "இன்று வேண்டாம், திரும்பிவிடுவோம்" என்று முடிவு செய்வது கோழைத்தனமன்று. அதுவே விமானியின் முதிர்ச்சி.

பெற்றோர்க்கும் சில சொற்கள். இப்பயிற்சிக்குப் பல்லாயிரம் ரிங்கிட் செலவாகும். தொழில்முறை விமானியாவதற்கு இன்னும் பன்மடங்கு ஆகும். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னரே மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். பின்னர்க் கண்ணிலோ காதிலோ குறை தெரியவந்தால் பணமும் வீண், பிள்ளையின் மனமும் நோகும். பயிற்சி நிலையம் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டறியுங்கள். இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஆசை மிகுதியால் குடியிருக்கும் வீட்டை அடகு வைத்துவிடாதீர்கள். கல்விக் கடனுதவி, உபகாரச் சம்பளம் ஆகிய வழிகளை முதலில் நாடுங்கள்.

இளந்தோழர்களே, செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய பயிற்சியும் உண்டு. கணிதத்தையும் அறிவியலையும் ஊன்றிக் கற்றல். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவதற்கு ஆங்கிலம் பழகுதல். எச்செயலையும் வரிசை தவறாமல் செய்தல் ஆகியவையே அவை. துணிவு வேண்டியதுதான். ஆனால், ஒழுங்கில்லாத துணிவு விமானத்தை மேலே ஏற்றுமேயன்றிப் பத்திரமாகக் கீழே இறக்காது. ஒழுங்கைப் பழகியவர் விமானி ஆகாவிடினும், எத்தொழிலிலும் நம்பத்தக்கவர் ஆவார்.