ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்



குழந்தைக்கு ஆறு வயதாகும்பொழுது, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் ஓசையின்றி முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாமலே அது வெளிவருவதால், பெற்றோர் பலர் அதனையும் பால்பல் என்றே எண்ணி, 'விழுந்தால் மறுபடி முளைக்கும்' என்று வாளாவிருந்துவிடுகின்றனர். அதுவோ வாழ்நாள் முழுமைக்கும் உரிய நிலைப்பல். இழந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பல்லைக் கெடுப்பது புழுவன்று. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அதனைத் தணிக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காலையில் கெட்டிப்பால் கலந்த தேநீர், இடைவேளையில் சிராப்புத் தண்ணீர், பள்ளி வாசலில் மிட்டாய், மாலையில் டின் பானம் என்றால் உமிழ்நீருக்கு ஓய்வு ஏது? எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை முறை என்பதே பெரிதும் கருதத்தக்கது.

100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரையுள்ள பானத்தில் 250 மில்லி பருகினால், ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை உட்செல்கின்றது. இதனையுணர்ந்தே மலேசிய அரசு 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் சர்க்கரை மிகுந்த பானங்களுக்குக் கலால் வரி விதித்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல் நலத்திற்கெனப் பினாங்கில் 1949-ஆம் ஆண்டிலேயே பல் தாதியர் பயிற்சி தொடங்கிய நாடு இது. ஆயினும், வீட்டு அலமாரியில் இருப்பதை வரியும் காவாது, தாதியரும் காவார்.

பெற்றோர் செய்யத்தக்கவை எளியவை. இனிப்பை உணவு வேளையோடு கொடுங்கள். இடையில் வெறும் தண்ணீர் போதும். காலையிலும், உறங்குமுன்னும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கச் செய்யுங்கள். ஏழெட்டு வயது வரை அருகில் நின்று துலக்கிவிடுங்கள். துலக்கிய பின் தண்ணீரன்றி வேறொன்றும் தராதீர். கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை அடைக்கும் பாதுகாப்புப் பூச்சுப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

திருவிழாவன்று ஒரு வேளை உண்ணும் சர்க்கரைப் பொங்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது நாள்தோறும் ஓயாது தொடரும் இனிப்பையே. பிரசாதத்தை உண்டபின் வாய் கொப்பளிக்கும் நற்பழக்கத்தை இத்திருத்தலத்திலேயே பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. இன்றிரவு இல்லம் திரும்பியதும், தம் பிள்ளையின் வாயைத் திறந்து, அந்தக் கடைவாய்ப்பல்லை ஒவ்வொரு தாயும் தந்தையும் ஒருமுறை பார்ப்பார்களாக!

இறையருள் துணை நிற்பதாக.