கிராக்கன் முதுகின் மேல் மீன்பிடித்தவர்கள்



கிராக்கன் என்றதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? பாய்மரத்தைச் சுற்றி இறுக்கும் கைகள். இரண்டாக முறியும் கப்பல். சினிமா அப்படித்தான் காட்டியது. ஆனால் அந்தப் பெயரை நமக்குத் தந்த நார்வே மீனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் முதுகுக்கு மேலே படகை நிறுத்தி மீன் பிடித்தார்கள்!

இதை எழுதி வைத்தவர் பெர்கன் நகரத்து பிஷப் எரிக் பொந்தொப்பிடான். 1752, 1753ஆம் ஆண்டுகளில் அவருடைய நார்வே இயற்கை வரலாறு வெளிவந்தது.

மீனவர்கள் சொன்னது இது. கோடை வெயிலில் கரையை விட்டுப் பல மைல் போகிறார்கள். வழக்கமாக 80, 100 பாகம் ஆழம் இருக்கும் இடம். கயிற்றை இறக்கினால் 20, 30 பாகத்திலேயே தரை தட்டுகிறது. தட்டியது தரையல்ல, கிராக்கன்! அதன் மேலே மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும். தூண்டில் போடப் போட அள்ளலாம். ஆழம் மேலும் குறைந்தால் மட்டும், அது எழும்புகிறது என்று துடுப்பை வலித்து விலகிவிடுவார்கள். ஒருவன் படகு நிறைய மீனோடு வந்தால், கிராக்கன் மேல் பிடித்தாயோ என்று கேட்பதும் உண்டாம். பயந்தவன் பேச்சா இது? தொழில் தெரிந்தவன் பேச்சு!

இதற்கும் முன்னால், 13ஆம் நூற்றாண்டில், தகப்பன் மகனுக்குச் சொல்வதாக எழுதப்பட்ட ‘அரசரின் கண்ணாடி’ என்ற நார்வே நூலில் ஹாஃப்குஃபா என்றொரு பெருமீன் வருகிறது. அது இரையைக் கக்கி மீன்களை வரவழைக்கும், வாயைத் திறந்து வைத்திருக்கும், நிறைந்ததும் மூடிக்கொள்ளும். சுத்தப் புளுகு என்றுதான் நினைப்போம். ஆனால் தாய்லாந்து வளைகுடாவிலும் கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கமும் திமிங்கிலங்கள் வாயை அகலத் திறந்து அசையாமல் காத்திருந்து மீன் பிடிப்பதை நம் காலத்து அறிவியலாளர்கள் பார்த்துப் பதிவுசெய்தார்கள். பழைய நூல் சொன்னது இதைத்தான் என்று 2023இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் கப்பலை விழுங்கும் பூதம் எங்கிருந்து வந்தது? பெரிய போர்க்கப்பலையும் அதன் கைகள் இழுத்துவிடும் என்ற பேச்சு பிஷப்பின் நூலிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே உண்மையான பயம், அது அமிழும்போது உண்டாகும் நீர்ச்சுழிதான். மூன்று பாய்மரக் கப்பலை ஒரு பேய்க்கணவாய் வளைத்துப் பிடிப்பதாகப் படம் போட்டு 1802இல் உலகத்துக்குக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் தெனி த மோன்ஃபோர். 1782இல் புயலில் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் அந்தப் பிராணியின் கணக்கில் எழுதினார்! பேரும் போயிற்று; பாரிஸில் வறுமையில் செத்தார். படம் மட்டும் சாகவில்லை.

பிறகு அறிவியல் வந்தது. 1857இல் கோபன்ஹேகனில் யாப்பெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப், கரை ஒதுங்கிய ஒரு கணவாயின் அலகை வைத்துக்கொண்டு அந்த இனத்துக்கு ஆர்க்கிட்டூத்திஸ் என்று பெயர் வைத்தார். 1873இல் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் வலையில் ஒரு முழு ராட்சதக் கணவாய் சிக்கியது. மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் பத்து டாலருக்கு வாங்கி, வீட்டுக் குளியல் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டுப் படம் எடுத்தார். அவர் மனைவி என்ன சொன்னாரோ!

கிராக்கன் என்பது ராட்சதக் கணவாய்தான் என்று இன்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கணவாய் மிஞ்சி மிஞ்சிப் போனால் 13 மீட்டர். பிஷப் சொன்ன கிராக்கனின் சுற்றளவு ஒன்றரை மைல். கைகளை வேண்டுமானால் கணவாய் கொடுத்திருக்கலாம். மீனைக் கூட்டும் குணத்தை அது கொடுக்கவில்லை. அந்தக் குணம் திமிங்கிலத்திடமிருந்தும், எங்கே ஆழம், எங்கே மீன் என்று கயிற்றால் தடவிப் பார்த்த மனிதர்களிடமிருந்தும் வந்தது என்பேன்.

உயிரோடு கடலுக்கடியில் ராட்சதக் கணவாயை முதலில் படம்பிடித்தவர்கள் ஜப்பானியர்களான குபோதெராவும் மோரியும். 2004இல், ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, 900 மீட்டர் ஆழத்தில். இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கணவாயைத் தின்னும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து, அங்கே இரை கட்டிய கயிற்றை இறக்கினார்கள்.