பாடத்தொகுதிக்கும் மாணவர்க்கும் இடையில் ஒரு குரல்



முழுநேரப் பணியிலிருந்தவாறே தொலைக்கல்வியில் பட்டம் பயில்வோரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நேரத்தைப் பற்றியே பேசுகிறோம். அதிகாலையில் எழுக, அட்டவணை இடுக என்று அறிவுரை கூறி முடித்துவிடுகிறோம். நேரம் பெரிய சிக்கல்தான். நம் நாட்டின் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 4,800 மணி நேரம். ஆறாண்டுகளில் முடிக்க எண்ணுபவர் ஒரு வாரமும் தவறாமல் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரத்திற்குமேல் ஒதுக்கவேண்டும். எட்டாண்டுகள் எனில் ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம். சேரும் நாளிலேயே இக்கணக்கை மாணவரிடம் சொல்லிவிடுவது நன்று. பலரிடம் எவரும் சொல்வதில்லை.

ஆயினும், பாதியில் நிற்பவர் அனைவரும் நேரமின்மையால் நிற்பவர் என நாம் கருதவில்லை. குவா மூசாங் மருத்துவமனையில் மாறுவேளைப் பணியாற்றும் ஒரு தாதியையோ, கோல லிப்பிஸில் பணியாற்றும் ஓர் ஆசிரியரையோ எண்ணிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர் தொகுதியைத் திறக்கிறார். நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் விளங்கவில்லை. மீண்டும் படிக்கிறார், அதே வாக்கியம், அதே சொற்கள். கேட்பதற்கு ஆளில்லை. அவர் இழந்தது ஒரு மணி நேரம் மட்டுமன்று. தம்மால் இயலும் என்ற எண்ணத்தையும் சிறிது இழக்கிறார்.

வகுப்பறையில் என்ன நிகழ்கிறது என்பதை மொழியியல் நோக்கில் காண்போம். தமிழ் இரட்டை வழக்கு உடைய மொழி. ஆசிரியர் எழுத்து வழக்கில் உள்ள பாடத்தைப் படிக்கிறார். உடனே நூலை மூடிவிட்டுப் பேச்சு வழக்கில் விளக்குகிறார். பிறகு குறிப்பெழுதச் சொல்லும்போது எழுத்து வழக்கிற்குத் திரும்புகிறார். புரிதல் பெரும்பாலும் அந்த நடுப்படியில்தான் நிகழ்கிறது. தொலைக்கல்வியில் முதற்படியும் மூன்றாம் படியும் உள்ளன, நடுப்படி இல்லை. மலாய் அல்லது ஆங்கிலத் தொகுதியைப் படிக்கும் நம் மாணவர்க்கோ இடைவெளி இன்னும் அகலமானது.

இந்நாட்டில் இது புதிய செய்தியன்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே வளாகத்திற்கு வெளியே பயிலும் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அஞ்சலில் தொகுதி வந்த காலம் அது. ஆயினும் ஆண்டுதோறும் பினாங்கு வளாகத்தில் தங்கிப் பயிலும் தீவிர வகுப்பு இருந்தது. அங்கு உணவுமேசையில் நிகழ்ந்த உரையாடலே பலர்க்கு அந்த நடுப்படியாக அமைந்தது. இன்று இயங்கலை வகுப்பு உண்டு. புலனக் குழுவும் உண்டு. அக்குழுவில் காலை வணக்கப் படங்களும் இடுபணியின் கடைசி நாளும்தான் பெரிதும் வலம் வருகின்றன!

பாடம் எழுதும் ஆசிரியர்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும். தொலைக்கல்விப் பாடம் என்பது வழிநடத்தப்படும் உரையாடலாக அமையவேண்டும் என்றார் ஹோல்ம்பெர்க் என்னும் சுவீடன் நாட்டுக் கல்வியாளர். நம்மவர்க்கு இது பழகிய நெறிதான். இறையனார் களவியல் உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்தது என அவ்வுரையே கூறுகிறது. ஏட்டில் ஏறிய பின்னும் அதில் வகுப்பறையின் ஓசை கேட்கிறது. மாணவர்க்கு எழக்கூடிய ஐயத்தை உரைகாரரே எழுப்பி, ‘என்னை?’ என வினவி, தாமே விடையிறுத்துச் செல்கிறார். நம் பாடத்தொகுதிகளோ பெரும்பாலும் ‘பெயர்ப்பொருளை வேறுபடுத்தும் உருபு வேற்றுமை உருபு எனப்படும்’ என்று வரையறுத்துவிட்டு அடுத்த தலைப்பிற்கு நகர்கின்றன. மாறாக, ‘கண்ணன் அழைத்தான், கண்ணனை அழைத்தான், இரண்டிலும் அழைத்தவர் யார்? ஐ என்னும் ஓரெழுத்து என்ன வேலை செய்தது?’ என்று தொடங்கி, வரையறையைப் பின்னர்த் தந்தால் என்ன? இரண்டு வரி கூடும்; அவ்வளவே.

மாணவ நண்பர்களுக்குச் சில சொற்கள். படித்தலைத் துண்டாடலாம். பேருந்துக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் இரண்டு பக்கம் படிக்க இயலும். எழுதுதலைத் துண்டாட இயலாது; ஒவ்வொரு முறையும் விட்ட நூலைப் பிடிப்பதற்கே அரைமணி நேரம் போய்விடும். ஆகவே வாரத்தில் ஒருமுறையேனும் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்தை இடுபணிக்கென வீட்டாரிடம் கேட்டுப் பெறுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்’ என்பவர்க்கு அது கிடைத்து நாம் கண்டதில்லை.

அடுத்து, பேசுவதற்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் அதே பாடம் பயில்பவராக இருக்கவேண்டியதில்லை. சிற்றுண்டிச்சாலையில் உடன் அமரும் பணித்தோழர் போதும். அன்று படித்ததைப் பேச்சுத் தமிழில், ஐந்து நிமிடத்தில், அவர்க்குச் சொல்லிப் பாருங்கள். எவ்விடத்தில் நாக்குத் தடுமாறுகிறதோ அவ்விடம் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். ஆசிரியர்க்கு அனுப்பவேண்டிய வினா அதுவே. ‘மூன்றாம் பாடம் புரியவில்லை’ என்று எழுதினால் அவரால் எதற்கு விடையளிக்க முடியும்?

நிறுவனங்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. இணைய இணைப்பு நலிந்த ஊர்களில் இரண்டு மணி நேரக் காணொலி இடையிடையே நின்றுவிடும். ஆசிரியரின் குரல் மட்டும் பதிந்த பத்து நிமிட ஒலிக்கோப்பு அங்கும் திறன்பேசியில் இறங்கும். ஒவ்வொரு பாடத்திற்கும் அவ்வாறு ஒன்று, மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சு நடையில் தரப்படலாம். அதைப் பதிவுசெய்ய அரங்கமோ கருவியோ தேவையில்லை. வகுப்பில் நூலை மூடிவிட்டுப் பேசுவீர்களே, அவ்வாறே பேசினால் போதும்.