முகாமுக்கு எந்த விளக்கு?

(சாரணர் பொறுப்பாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரம் இல்லாத இடத்தில் முகாம் போட்டால் நமக்குப் பழக்கமான மண்ணெண்ணெய் விளக்குகள் இரண்டு. அரிக்கேனில் திரி தானாகவே எண்ணெயை உறிஞ்சும். கண்ணாடி காற்றைத் தடுக்கும். வெளிச்சம் குறைவு, கையாள்வது எளிது. பெட்ரோமாக்ஸில் காற்றடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். எண்ணெய் ஆவியாகி மேண்டிலை ஒளிரச் செய்யும். மைதானத்துக்கே வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பழகிய கை வேண்டும்.

என் முதல் முகாமில் மழை பிடித்துக்கொண்டது. எரியும் அரிக்கேனைக் கூடாரத்துக்குள் வைத்து வாசலை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவன், "தலை வலிக்குது சார்" என்றான். உடனே எல்லோரையும் வெளியே அழைத்து வந்தேன். அடைத்த இடத்தில் எரியும் விளக்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவன் சொல்லாமலே தூங்கியிருந்தால்?

ஆகவே, பாதைக்கும் காவலுக்கும் அரிக்கேன். திறந்தவெளி நிகழ்ச்சிக்கு, ஆசிரியர் பொறுப்பில் பெட்ரோமாக்ஸ். வாங்கும்போது தொட்டி கசிகிறதா, கண்ணாடியில் கீறல் உண்டா என்று பாருங்கள். பெட்ரோல் ஒரு துளியும் கலக்காதீர்கள். அணைத்து, ஆறிய பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். கூடாரத்துக்குள் டார்ச் மட்டுமே.