எழுத்துகளின் வழித்தடப் படம்



மொழிநூல் பேச நாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்போம். ஆயினும் வழித்தடப் படங்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குத் தொல்காப்பிய நூன்மரபிலும் அத்தகைய படம் ஒன்று தென்பட்டது. அதனையே இன்று தங்கள் முன் வைக்கிறோம்.

சென்ற கோடையில் அண்டை வீட்டுச் சிறுவன் தன் பாட்டியை எள்ளி நகைத்தான். ‘சக்தி’யைச் ‘சத்தி’ என்கிறாராம்; ‘பக்தி’யைப் ‘பத்தி’ என்கிறாராம். தில்லியில் பிறந்து இந்தியில் படிக்கும் பிள்ளைக்கு அது பிழையாகத்தானே படும்? பாட்டி வாய் திறக்கவில்லை. அது நம் மனத்தை உறுத்திற்று.

அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, 18 மெய்களையும் நிலையங்களாகக் குறிக்கச் சொன்னோம். ஒரு சொல்லினுள் ஒரு மெய்யை அடுத்து மற்றொரு மெய் வருமாயின், அம்புக்குறியிட்ட கோடு. இவ்வாறு புள்ளியும் கோடுமாக வரைவதைக் கணித அறிஞர் ‘கோட்டுரு’ என்பர். 1736-இல் ஆய்லர் என்பார் கோனிக்சுபர்க் நகரப் பாலங்களை ஆராய்ந்ததில் தோன்றிய கலை அது. நம் இலக்கண ஆசிரியர்களோ படம் வரையாமலே அக்கோடுகளைச் சூத்திரங்களில் அடக்கி, மெய்ம்மயக்கம் என்றனர்.

ரகர ழகரம் நீங்கலாக 16 மெய்கள் தம்மோடு தாமே இணையும். பிற மெய்யை நோக்கிக் கோடு புறப்படுவது 14 நிலையங்களிலிருந்தே என்பது நன்னூற் கணக்கு. க, ச, த, ப நான்கும் கடைநிலையங்கள். வண்டி வந்து சேரும், வேறு மெய்க்குப் புறப்படாது. ழகரமோ பெருஞ்சந்திப்பு! ‘வெட்கம்’ என்பதில் டகரத்திலிருந்து ககரத்துக்கு வண்டி உண்டு. திரும்பும் வண்டி கிடையாது.

ககரத்திலிருந்து தகரத்துக்கும் கோடு இல்லை. தகரம் தன்னோடு தான் இணையும். ஆதலால் சத்தி, பத்தி, முத்தி. பாட்டி பாதை உள்ள வழியே சென்றிருக்கிறார். ‘பத்மம்’ வந்தபோது நடுவே ஓர் உகரத்தை நிறுத்தி, ‘பதுமம்’ என்றதும் அவ்வாறே.

சிறுவன் விடவில்லை. “அப்படியானால், டாக்டர்?” என்றான். பழைய படத்தில் இல்லாத புதுத்தடம்; புள்ளிக்கோடாகப் போட்டுக்கொள் என்றோம். அச்சமயம் உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: “டாக்குட்டரிடம் ஐந்து மணிக்குப் போகவேண்டும், மறந்துவிடாதே!”

சிறுவன் பென்சிலை எடுத்துக் ககரத்துக்கும் டகரத்துக்கும் இடையே ‘உ’ என்று ஒரு சிறு நிறுத்தத்தைக் குறித்தான்.