தோழர் ஏ.கே. ஹங்கல்: சிறு வேடங்களில் ஒரு பெருவாழ்வு

(அந்தமான், மரைன் ஹில்லில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1975இல் வெளிவந்த 'ஷோலே' இந்தித் திரைப்படத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். அதில் பார்வையிழந்த முதியவர் ஒருவர் வருவார். ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். ரஹீம் சாச்சா என்று ஊரார் அழைப்பர். கொள்ளையன் கப்பர் சிங் அவருடைய மகனைக் கொன்று, உடலைக் குதிரைமீது ஏற்றி ஊருக்குள் அனுப்புகிறான். மக்கள் பேச்சற்று நிற்கின்றனர். இத்தனை அமைதி எதற்காக என்று அந்தத் தந்தை வினவுகிறார். கொள்ளையனை எதிர்த்து நிற்கும் இருவரை வெளியேற்றிவிட்டால் நாம் பிழைக்கலாம் என்று ஊரார் அஞ்சிப் பேசும்போது, அதை மறுத்து எழுவதும் மகனைப் பறிகொடுத்த அதே முதியவர்தான். சில நிமிடங்களே நீடிக்கும் வேடம். ஆயினும் படத்தைப் பார்த்தவர் எவரும் அம்முகத்தை மறந்ததில்லை.

அந்த இமாமாக நடித்தவர் அவதார் கிஷன் ஹங்கல். அவர் காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்தவர், தையல் தொழிலாளி, விடுதலைப் போராட்ட வீரர், சிறை சென்ற கம்யூனிஸ்ட். அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கலைஞன் எத்தனை பெரிய வேடம் பூண்டான் என்பதைக் காலம் மறந்துவிடும். சோதனை வந்த நாளில் யார் பக்கம் நின்றான் என்பதை மக்கள் மறப்பதில்லை.

ஹங்கல் 1914இல் சியால்கோட்டில் பிறந்தார். இளமைக்காலம் பெஷாவரில் கழிந்தது. 1930 ஏப்ரல் 23 அன்று அந்நகரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில், கான் அப்துல் கபார் கானைப் பின்பற்றிய நிராயுதபாணிகளான மக்கள்மீது ஆங்கிலேய அரசு துப்பாக்கிச்சூடு நடத்தியது. இசுலாமியரான பட்டாணியர்மீது சுடுமாறு பிறப்பிக்கப்பட்ட கட்டளையை, இந்துக்களான கட்வாலி படைவீரர்கள் ஏற்க மறுத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சந்திரசிங் கட்வாலி பின்னாளில் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். ஹங்கலின் இளமை உருப்பெற்ற நகரமும் காலமும் இவை. மதம் கடந்த ஒற்றுமையை அவர் நூல்களில் மட்டும் கற்றவர் அல்லர்.

அதே காலத்தில் இந்தத் தீவில் நிகழ்ந்தவை நாம் அறிந்தவை. பகத்சிங்கின் தோழர்களான பதுகேஸ்வர் தத், சிவ வர்மா முதலியோர் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1933ஆம் ஆண்டின் உண்ணாநிலைப் போராட்டத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர்நீத்தனர். 1935இல் அச்சிறைக்குள்ளேயே 'கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்' உருவாயிற்று. வடமேற்கு எல்லையில் ஓர் இளைஞனை இழுத்ததும், இங்கே சிறைக்கொட்டடியில் மார்க்சியம் பயின்றோரை இழுத்ததும் ஒரே பேரலைதான்.

அரசுப் பணியில் ஊறிய குடும்பத்தில் பிறந்த ஹங்கல், தையல் தொழிலை ஏற்றார். பெஷாவரில் நாடகமும் இசையும் பயின்றார். பின்னர் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. அங்கே தையல் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார்; கட்சிப் பணியாற்றினார். நாடு பிளவுண்ட பின்னரும் உடனே ஊரைவிட்டு ஓடிவந்தவர் அல்லர். கராச்சியில் கம்யூனிஸ்டாகவே சிறைப்பட்டார். விடுதலையான பின், 1949இல் பம்பாய் வந்து சேர்ந்தார். கையில் இருந்த செல்வம் கத்தரிக்கோலும் ஊசியும் பழகிய விரல்களே.

அதே 1949ஆம் ஆண்டில்தான் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் இந்தத் தீவுகளில் குடியேறத் தொடங்கின. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய அந்த வங்காளி விவசாயிகளின் மக்களும் பேரர்களும் இன்று நம் அண்டை வீட்டார். வேரோடு பெயர்க்கப்பட்ட மக்களின் துயரம் இவ்வூரில் கேள்விப்பட்ட செய்தியன்று. பக்கத்து வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும் வரலாறு.

பம்பாயில் ஹங்கல் தையல் வேலை செய்துகொண்டே இந்திய மக்கள் நாடக மன்றத்தில், அதாவது 'இப்டா'வில், இணைந்தார். 1943இல், வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை விழுங்கிக்கொண்டிருந்த வேளையில் பிறந்த அமைப்பு அது. பல்ராஜ் சாஹ்னி, கைஃபி ஆஸ்மி ஆகியோர் அங்கே அவருடைய தோழர்கள். ஹங்கல் நடித்தார், இயக்கினார், இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் இயக்கிய 'டம்ரு' நாடகத்தில் முதியவராக வேடமேற்ற இளைஞர்தான் பின்னாளில் புகழ்பெற்ற சஞ்சீவ் குமார். பிற்காலத்தில் ஹங்கல் அம்மன்றத்தின் தேசியத் தலைவராகவும் விளங்கினார்.

திரையுலகம் அவரை அழைத்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. 1966இல் வெளிவந்த 'தீஸ்ரீ கஸம்' அவருடைய முதற்படம். அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 'குட்டி'யில் தந்தை, 'பாவர்ச்சி'யில் அலுவலக எழுத்தர், 'தீவார்' படத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். உழைத்து ஓய்ந்த நடுத்தர மனிதர்களையும் ஏழைகளையும் அவர் நடித்துக் காட்டிய முறையில் மிகை இல்லை. அளவெடுத்து வெட்டும் தையற்காரனின் சிக்கனம் அவர் நடிப்பில் இருந்தது.

இரண்டு வேடங்களைத் தனித்துக் கூறவேண்டும். 1973இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'நமக் ஹராம்' படத்தில் அவர் தொழிற்சங்கத் தலைவர் பிபின்லால். அவரை வீழ்த்துவதற்காக முதலாளியின் மகன் தன் நண்பனையே தொழிலாளி வேடத்தில் ஆலைக்குள் அனுப்புகிறான். வந்த நண்பனோ தொழிலாளர் வாழ்வைக் கண்டு மனம் மாறிவிடுகிறான். வெகுமக்கள் திரைப்படத்தில் சங்கத் தலைவர் என்றால் கூச்சலிடுபவர் அல்லது விலைபோகிறவர் என்ற வழக்கத்தை, நிதானமும் கண்ணியமும் கொண்ட பிபின்லால் உடைத்தார். சங்கம் கட்டிய அனுபவம் அந்த நடிப்புக்குப் பின்னால் இருந்தது.

மற்றொன்று எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா'. இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவிக் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதிய படம். பிரிவினைக்குப் பிந்திய ஆக்ராவில் சலீம் மிர்சா என்னும் காலணி உற்பத்தியாளரின் குடும்பம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. மிர்சாவாகப் பல்ராஜ் சாஹ்னி நடித்தார். மிர்சா குடும்பத்தின் பூர்விக மாளிகை, சிந்துவிலிருந்து வந்த அகதி வணிகர் அஜ்மானியின் கைக்கு மாறுகிறது. அந்த அஜ்மானிதான் ஹங்கல்.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும், தோழர்களே. கராச்சியை இழந்து வந்த ஒருவர், சிந்துவை இழந்து வந்த ஒருவராக நடிக்கிறார். அஜ்மானிக்கு வெறுப்புக் கொள்ளக் காரணம் தேடவேண்டியதில்லை. ஊரை இழந்தவர் அவர். ஆனால் மற்றவர்கள் மிர்சாவுக்குக் கடனும் வீடும் தர மறுக்கும்போது, அஜ்மானி அவரை மரியாதையோடு நடத்துகிறார். இழப்பு மனிதனைக் கொடியவனாக்கித்தான் தீரும் என்ற பொய்யை அவ்வேடம் மறுக்கிறது. கலவரம் மூளும் என்ற அச்சத்தால் தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்து, அப்படம் 1974இல் வெளிவந்தது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதையும் பெற்றது. இறுதிக் காட்சியில், நாட்டைவிட்டுப் புறப்படும் மிர்சா, வேலை கேட்டுச் செல்லும் ஊர்வலத்தைக் கண்டு, வண்டியிலிருந்து இறங்கி அதில் கலந்துவிடுகிறார்.

திரையில் அஜ்மானி எடுத்த நிலையை ஹங்கல் வாழ்விலும் எடுக்க நேர்ந்தது. பம்பாய்க் கலவரங்களின் குருதி உலராத 1993ஆம் ஆண்டு. பிறந்த மண்ணை ஒருமுறை காணப் பாகிஸ்தான் செல்ல அனுமதி நாடிய அவர், பாகிஸ்தான் தூதரகத்தின் தேசிய நாள் நிகழ்வில் கலந்துகொண்டார். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே அவரைப் புறக்கணிக்க அறைகூவினார். அவர் நடித்த காட்சிகள் வெட்டப்பட்டன, வாய்ப்புகள் நின்றன. சிறை கண்ட விடுதலை வீரர் எண்பதை நெருங்கும் வயதில் தேசத் துரோகி என்று தூற்றப்பட்டார். ஆங்கிலேயன் சிறையை அறியாதோர், அதை அறிந்தவருக்குத் தேசபக்தி போதித்தனர். அண்டை நாட்டு மக்களோடு நட்புப் பாராட்டுவதைக் குற்றமென ஹங்கல் ஒப்பவில்லை. பின்னர் மீண்டும் திரைக்கு வந்தார். 2001இல் வெளிவந்த 'லகான்' படத்திலும் நடித்தார். 2006இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

விருது கிடைத்தது, பாதுகாப்புக் கிடைத்ததா? 2011இல், மருத்துவச் செலவுக்கே வழியின்றி அவர் தவிப்பதாகச் செய்தி வந்தது. திரையுலகினர் சிலர் உதவினர். 2012 ஆகஸ்டு 26 அன்று, தமது 98ஆம் வயதில் மும்பையில் மறைந்தார். உதவியவர்களின் நல்லெண்ணத்தை மதிப்போம். ஆனால் இருநூறு படங்களில் உழைத்தவரின் முதுமை மற்றவர்களின் இரக்கத்தை நம்பியிருக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

திரைப்படத் துறை கோடிகள் புரளும் தொழில். அதில் நாட்கூலிக்கு உழைப்போர் பல்லாயிரவர். இதை உணர்ந்தே சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் மற்றத் தோழர்களும் 1967இல் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினர். நிமாய் கோஷ் யார்? கிழக்கு வங்க அகதிகளின் வாழ்வை 'சின்னமூல்' என்னும் படமாக 1950இலேயே எடுத்தவர். தமிழில் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கியவர். 1981இல் இயற்றப்பட்ட திரைப்படத் தொழிலாளர் நலநிதிச் சட்டம், இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. மீனவர், கட்டுமானத் தொழிலாளர், விடுதி ஊழியர், ஒப்பந்தப் பணியாளர் என இங்கே அமர்ந்திருப்போரின் முதுமைக்கும் இதே கேள்விதான். வாழ்நாள் முழுதும் உழைத்தவருக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் உரிமை, கருணைக்கொடை அன்று.

ஆகவே, ஹங்கலைப் போற்றுவதென்றால் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நிற்கலாகாது. இரண்டு பணிகளை இக்கூட்டம் ஏற்கவேண்டும். 'கரம் ஹவா'வை நம் குடியிருப்புகளில் திரையிடுவோம், தமிழரும் வங்காளியரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஒன்றாக அமர்ந்து காணட்டும், கண்டபின் பேசட்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் நலத்திட்டப் பதிவு பெறாத முறைசாராத் தொழிலாளரைக் கணக்கெடுத்துப் பதிவு செய்விக்கட்டும்.

வெறுப்பை விதைப்போர் இன்றும் ஓயவில்லை. அண்டை வீட்டாரை அயலார் ஆக்கும் பேச்சு இந்தத் தீவுகளையும் எட்டிப் பார்க்கிறது. அதற்குச் செவிசாய்க்காமல், வேலைக்கும் வாழ்வுக்குமான ஊர்வலத்தில் அனைவரையும் இணைப்போம். தோழர் ஹங்கலுக்கு நம் செவ்வணக்கம்.